வளையத்தில் நான்கு எழுத்துகள்

பூநாரை கரைப்பக்கமாக நாலடி நடந்து வந்தது. தண்ணீருக்கு மேலே கால் முழுதாகத் தெரிந்தது.

காலில் மஞ்சள் வளையம்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கியின் திருகைத் திருப்பினான். வளையத்தின் கறுப்பு எழுத்துகள் கலங்கின. பிறகு தெளிந்தன.

வி. பி. டி. எக்ஸ்.

மூன்று நாளாக மூன்று பேரும் தேடிக்கொண்டிருந்த பறவை.

"ஏதாவது தெரியுதா?" என்று கேட்டாள் அவன் மனைவி செண்பகவல்லி. இருபதடி தள்ளி நாணலோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் ரெமி.

"ஒண்ணுமில்ல."

இப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அவள் இந்த ஊரில் ஆராய்ச்சி மாணவி. ரோன் ஆறு கடலில் சேரும் இந்தப் பிரெஞ்சுச் சதுப்பில் காயல் காயலாகத் திரிந்து பறவை எண்ணியவள். ரெமி அப்போது அவளோடு வேலை பார்த்தவன். இப்போதும் இங்கேதான் இருக்கிறான். அவள் ஊர் திரும்பிய அந்தக் கோடையில் குஞ்சுகளுக்கு வளையம் மாட்டினார்கள். ஒரு குஞ்சை அவள் மார்போடு அணைத்துப் பிடிக்க, ரெமி மாட்டிவிட்டான். குஞ்சு அவள் சட்டை முழுக்கக் கழிந்துவைத்தது.

இந்தக் கதையை ரெமி மூன்று நாளில் நான்கு தடவை சொல்லிவிட்டான்.

நான்கு தடவையும் அவள் சிரித்தாள்.

பிரெஞ்சில் பேசிச் சிரிக்கும்போது அவள் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. ஆறு வருடத்தில் அந்தக் குரலை அவன் வீட்டில் கேட்டதே இல்லை.

"என் ஏரி எல்லாத்தையும் உங்களுக்குக் காட்டணும்." தூத்துக்குடியில் பெட்டி கட்டும்போது அப்படித்தான் சொன்னாள். காட்டினாள். காட்டுவதற்கு ரெமியும் கூட வந்தான். முதல் நாள் மட்டும் என்றுதான் வந்தான். அந்தக் குஞ்சு இப்போது எப்படி இருக்கும் என்று பேச்சு வந்தது. தேடிப் பார்ப்போம் என்றான். இரண்டாம் நாளும் லீவு போட்டான். மூன்றாம் நாளும்.

நேற்று ஒரு காயலின் கரையில் உமரி முளைத்திருந்தது. ஊரில் உப்பள வரப்பெல்லாம் கிடக்குமே, அதே செடி. அவன் ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டான். அதே உப்பு.

"வல்லி, இங்க பாரு. நம்ம ஊர் உமரி."

அவன் நீட்டிய இன்னொரு நுனியை அவள் வாங்கிக்கொண்டாள். ரெமி பக்கம் திரும்பி அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று கேட்டாள். அதைப் பற்றியே இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டு நடந்தார்கள். கையிலிருந்ததை எங்கே போட்டாளோ.

இப்போது இந்தப் பறவை அவனுக்கு மட்டும் தெரியும்.

நினைக்க இனித்தது.

வேறு பறவைகள் குறுக்கே வந்தன. வளையம் மறைந்தது. அவன் கண்ணை எடுத்தான்.

ரெமி வந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். தண்ணீரைக் காட்டி ஏதோ சொன்னான். அவள் தமிழில் சொன்னாள்.

"போன கோடையில தண்ணி வத்திப்போச்சாம். பறவை நிறையச் செத்துருச்சாம். நம்மதும் போயிருக்கும்ங்கான்."

யாரைப் பற்றிப் பேசினாலும் அவளுக்கு 'அவர்' வரும். ரெமிக்கு மட்டும் வராது.

வண்டியை எடுத்து வருவதாகச் சொல்லி ரெமி போனான். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழப்போகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. தான் ஏந்திப் பிடித்த குஞ்சு செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஊருக்கு வந்து சேருவாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வல்லி."

"ம்."

"நான் பாத்தேன். இப்பத்தான். அந்த நாலு எழுத்தும் இருந்துச்சு. வேணும்னேதான் சொல்லல."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திரும்பக்கூட இல்லை.

"உசுரோடதான் இருக்கு. தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"முந்தாநாள் காலையிலயே பாத்துட்டேன்."

முந்தாநாள் காலை. தேடத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு இந்த மூன்று நாளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஐந்து காயல். சேற்றில் கால் புதைந்தபோது ரெமி கொடுத்த கை. அது இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம் என்று இன்னும் தூரமாக, இன்னும் தூரமாக அவள் நடத்திக் கூட்டிப்போனது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவளே தொடர்ந்தாள்.

"சொல்லியிருந்தா மறுநாளே வேலைக்குப் போயிருப்பான்."

காற்று நாணலைச் சாய்த்துப் பிடித்தது. மண்பாதையில் வண்டி வரும் சத்தம் கேட்டது.

"அவன்கிட்டச் சொல்லிரட்டுமா?" என்றாள். இப்போது அவனைத்தான் பார்த்தாள்.

அவன் எழுந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நிறையக் கால்கள். வளையமில்லாத கால்கள். மெதுவாக இடமிருந்து வலமாகத் தேடினான். வண்டி நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காலடிகள் நெருங்கின.

மஞ்சள் தெரிந்தது. திருகைச் சரிசெய்தான்.

"ரெமி" என்று கூப்பிட்டான். இந்த மூன்று நாளில் அவன் அந்தப் பெயரைச் சொன்னது இப்போதுதான்.

நகர்ந்து இடம் விட்டான்.

ரெமி குனிந்தான்.

தள்ளி நின்ற அவன் வல்லியின் முகத்தைப் பார்த்தான்.