பிள்ளை மட்டும் என்னுது

முதலாளி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தன் டிரைவரின் காக்கிச் சட்டைக்குள் நுழைந்தார். மூன்று பர்னிச்சர் கடைகளும் ஒரு தொப்பையும் வைத்திருப்பவருக்கு அது எங்கே போதும்? கீழே இரண்டு பொத்தான்களைப் போடாமல் விட்டுவிட்டு, "ஏழைன்னா இப்படித்தான் இருப்பான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

விஷயம் இதுதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அறக்கட்டளை கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் இலவசம். இலவசம் என்ற சொல் காதில் விழுந்தால் முதலாளிக்குத் தூக்கம் வராது. தன் மகனுக்கு அதை எப்படியாவது வாங்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

போன மாதம்தான் டிரைவர், மகளைக் காலேஜில் சேர்க்க முன்பணம் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா அவ்வளவு படிப்பு? நம்ம கடையில பில் போட அனுப்பு" என்று முதலாளி பேச்சை முடித்துவிட்டார். அதே டிரைவரிடம் இப்போது குழைந்தார்.

"விண்ணப்பத்தை உன் பேர்லயே போட்டுடு. வீடு உன்னுது, வேலை உன்னுது, சம்பளம் உன்னுது. பிள்ளை மட்டும் என்னுது. புரியுதா?"

"சரிங்க முதலாளி."

"நேர்ல விசாரிக்க வருவாங்களாம். நீ பேசினா சொதப்பிடுவே, உனக்குப் பொய் வராது. அப்பாவா நானே உட்கார்ந்துக்கறேன்."

"ஆமாங்க. உங்க அளவுக்கு எனக்குப் பேச வராதுங்க."

இன்று டிரைவர், காரைத் தெருக்கோடியில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சலவைக் கடை வேலைக்குப் போயிருந்தாள். மகளை, "அடுப்படியை விட்டு வெளியே வராதே" என்று முதலாளி மிரட்டி வைத்திருந்தார். தன் மகனின் ஷூவையும் செல்போனையும் பிடுங்கி ஒளித்துவிட்டு, அவனை ஒரு மூலையில் உட்காரவைத்தார். கடைசியாக, வெயில் கொளுத்துகிற நாளில் டிரைவர் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒரு வாளியையும் வைத்தார்.

அறக்கட்டளையிலிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தார். முதலில் வாளியைத்தான் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கூரை ஒழுகும்மா. மழைக்கு இப்பவே பழகிக்கிறோம்."

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். "பிள்ளையோட மார்க்கைப் பார்த்து அசந்துட்டோம். கணக்குல நூத்துக்கு நூறு!"

முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகன் கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ் செய்திருந்தான். 'அடப்பாவி டிரைவர்! மார்க்கையே திருத்திட்டானே. இவனைப் போய்ப் பொய் வராதவன்னு நினைச்சேனே!' என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

"வீட்டுல கரண்ட் இல்லாட்டியும் பிள்ளை விடாதும்மா, தெரு விளக்குல உட்கார்ந்து படிக்கும்!"

"இந்தத் தெருவுல விளக்கே காணோமே?"

"அதனால அடுத்த தெருவுக்குப் போய்ப் படிக்கும்மா!"

குரல் தழுதழுத்தது. தன் நடிப்பில் தானே உருகி, நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. காக்கிச் சட்டையின் நுனியால் துடைத்துக்கொண்டார். "வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். யார்கிட்ட போய்க் கேட்பேன்? என் முதலாளி ஒரு கல்நெஞ்சக்காரன்மா. இப்படிப்பட்ட பிள்ளையைப் படிக்க விடாம வேலைக்கு அனுப்பினா, அது எவ்வளவு பெரிய பாவம்!"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். இப்படி ஒரு அப்பாவைப் பார்த்ததில்ல. கவலையை விடுங்க, படிச்சு முடிக்கிற வரைக்கும் பிள்ளை எங்க பொறுப்பு."

முதலாளி கைகூப்பியபடியே, மூலையிலிருந்த மகனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அம்மாள் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்ற பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்து, "திங்கட்கிழமை வந்து காலேஜ்ல சேர்ந்துடும்மா" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் முதலாளி மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்: "தம்பி, அக்காவைப் பார்த்து நீயும் ஒழுங்கா படிக்கணும், என்ன?"