வளைக்காத புள்ளி

கோலப் படங்களை இணையச் சந்தையில் விற்கும் அமிர்தவல்லி, முன்பெல்லாம் ஒரு படத்தை ஏற்றி முடிப்பதற்குள் மூன்று தடவை காபி போட்டுக் குடித்துவிடுவாள். படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்களே நூற்றெட்டு. எளிமையாக்குகிறோம் என்று சந்தைக்காரர்கள் அதை ஏழாக்கினார்கள், பிறகு ஒரே பொத்தானாக்கினார்கள். இன்று காலை அந்தப் பொத்தானையும் காணோம். அவள் மனதில் மட்டும் இருந்த பதினேழு புள்ளிச் சிக்குக் கோலம், அவள் பெயரோடு விற்பனைக்கு வந்திருந்தது. உதவி எண்ணுக்குப் பேசினாள்.

"நான் இன்னும் வரையவே இல்லையேம்மா."

"அந்த வேலையையும் எடுத்துட்டோம் மேடம். இனிமே உங்களுக்குச் சிரமமே இல்ல."

"அப்ப இது யாரு போட்ட கோலம்?"

"உங்க பேருதானே மேடம் இருக்கு."

திருஷ்டிக்காக ஓரத்துப் புள்ளி ஒன்றை வளைக்காமல் விடுவது அவள் வழக்கம், கணவனிடம்கூடச் சொன்னதில்லை. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கும் அந்தப் புள்ளி தனியாக நின்றது. தாளை எடுத்துப் புள்ளி வைத்து, அதே கோலத்தை மளமளவென்று இழுத்தாள். கடைசியில் அந்த ஓரத்துப் புள்ளியையும் வேண்டுமென்றே வளைத்து மூடினாள். அங்கும் அது மூடியிருக்குமோ என்று, திரைப் பக்கம் திரும்பத்தான் கழுத்து வரவில்லை.