நூகு எதிர் பாத்து

“நூகு எதிர் பாத்து. இந்தத் தீர்ப்பை எடுத்துக் குடும்மா கெசியா. அவசரமில்ல, பைய தேடு.”

வக்கீல் ஞானசிகாமணி இவ்வளவு பணிவாகப் பேசி கெசியா கேட்டதில்லை. வக்கீல்கள் சங்க நூலகத்துக்கு வந்தால் அவர் தேடுகிற ஒரே பொருள், மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலிதான்.

“எந்த வருஷத்துத் தீர்ப்பு சார்?”

“ரெண்டாயிரத்துப் பதினொண்ணா, பன்னெண்டான்னு... அந்த வாக்குல இருக்கும். வயலுக்குப் போற வழியை அடைச்சா உடனே திறந்துவிடணும்னு ஹைகோர்ட் சொன்னது. காலையில அதைச் சொன்னேன், ஜட்ஜ் ஐயா கொண்டு வாங்கன்னுட்டாங்க. மத்தியானத்துக்கு மேல கூப்பிடுவாங்க. கிடைக்கலேன்னா, அங்கன வந்து கிடைக்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. வாய்தா வாங்கிக்கிடுதேன்.”

வாய்தா என்ற சொல் காதில் விழுந்ததும் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிச்சைக்கண்ணு பதறி எழுந்து வந்தார். அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி. வழக்குப் போட்டவரே அவர்தான்.

“வக்கீலய்யா, இன்னொரு வாய்தா வேண்டாம்யா. நெல்லு விளைஞ்சு சாஞ்சு கெடக்கு. பக்கத்து வயக்காரன் வழியில கம்பி வேலி போட்டுட்டான். அறுப்பு மெஷினு ரோட்டுலயே நிக்குது. ஒரு மழை பெஞ்சா அம்புட்டும் முளைச்சிரும்.”

“சட்டம் பேசுத இடத்துல நெல்லைப் பத்திப் பேசாதீரும்” என்று சொல்லிவிட்டு ஞானசிகாமணி டீ குடிக்கப் போனார்.

பிச்சைக்கண்ணு கெசியாவைப் பார்த்தார். “தாயி, அந்தத் தீர்ப்பு ஒங்ககிட்ட இருக்குல்லா?”

“இங்கன உக்காருங்க அண்ணாச்சி. எப்படியும் எடுத்துருவோம்.”

கெசியா அந்த நூலகத்தின் தற்காலிக நூலகர். தினமும் காலையில் புதுத் தீர்ப்புகளையும் அரசிதழ் அறிவிப்புகளையும் சுருக்கி, ‘இன்றைய சட்டச் செய்தி’ என்று வக்கீல்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவாள். வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழும். அந்த விரல்களுக்குப் பின்னால் யாராவது படிக்கிறார்களா என்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

முதலில் உயர்நீதிமன்றத்தின் இணையதளத்தில் தேடினாள். இல்லை. வேறொரு தளத்தில் ‘நூகு’ என்று தட்டினாள். ‘நுங்கு’ என்று தேடுகிறீர்களா என்று அது கேட்டது. கணினியை விட்டுவிட்டு அலமாரிக்குப் போனாள். பழைய தீர்ப்புத் தொகுதிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்டினாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டின் இரண்டாம் தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்லி இருந்தது.

சரிதான், அந்தத் தொகுதியில்தான் இருந்திருக்கும் என்று மற்ற அலமாரிகளையும் கிளறத் தொடங்கினாள்.

“என்னம்மா, நூலகத்தையே கவுத்துப் போட்டிருக்க?” என்று கேட்டபடி அய்யம்பெருமாள் உள்ளே வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல். நூலகக் குழுவுக்குத் தலைவரும் அவரே.

கெசியா விஷயத்தைச் சொன்னாள்.

“நூகு எதிர் பாத்துவா? அடடா, தங்கமான தீர்ப்பு! பதினாலாவது பத்தி ஒண்ணு போதுமே! வந்த அன்னைக்கே படிச்சுட்டேன்.” கண்ணை மூடி ரசித்தவர், திறந்தபோது முறைத்தார். “அது இல்லாம ஒரு நூலகமா? ஒன்னை நிரந்தரமாக்கணும்னு நான் சங்கத்துல பேசிக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா இதைக்கூட எடுக்க முடியாம நிக்க!”

கெசியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே படித்த தீர்ப்பு, தன் கண்ணில் மட்டும் படவில்லை. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மறுபடி தேடினாள். பிச்சைக்கண்ணு படியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

“எங்கே அந்தத் தீர்ப்பு?” என்று நீதிபதி கேட்டார்.

கெசியா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். “ஐயா, நூலகத்துல அந்தத் தொகுதியைக் காணலை. மன்னிச்சுக்கிடுங்க.”

“அதனால, ஒரு சின்ன வாய்தா...” என்று ஞானசிகாமணி குனிந்தார்.

அய்யம்பெருமாள் துள்ளி எழுந்தார். “தீர்ப்பே வந்தாலும் இந்த வழக்குக்குப் பொருந்தாதுங்க ஐயா. அதைக் கரைச்சுக் குடிச்சவன் நான். அந்த வழக்குல வழி வடக்க போகுது. இங்க கிழக்க போகுது.”

நீதிபதியின் மூக்கு சிவந்தது. ஒரு வக்கீல் படித்திருக்கிற தீர்ப்பைத் தான் படிக்கவில்லை என்று இத்தனை பேர் முன்னால் ஆகிவிடுமா?

“எனக்கும் அந்தத் தீர்ப்பு மனப்பாடம். வழி எந்தத் திசையில போனாலும் அடைக்கக் கூடாதுன்னு அதுல தெளிவாச் சொல்லியிருக்கு. நகலெல்லாம் வேண்டாம். வேலியை இன்னைக்கே எடுக்கணும். மெஷின் உள்ளே போகட்டும்.”

பிச்சைக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். மெஷின்காரருக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே ஓடினார்.

வராந்தாவில் ஞானசிகாமணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“ஜெயிச்சுட்டீங்க சார்!” கெசியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நாளைக்கு நம்ம சட்டச் செய்தியே ‘நூகு எதிர் பாத்து’தான். ஒங்க பேரைப் போட்டு மதுரை வக்கீல்களுக்கும் சேத்து அனுப்பப் போறேன்.”

“ஐயோ தாயி, போட்டுராத!”

“ஏன் சார்?”

ஞானசிகாமணி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கேஸ் கட்டை இன்னும் பிரிச்சே பாக்கலைம்மா. வாய்தா வாங்க ஒரு சாக்கு வேணும்னு, காலையில பல்லு தேய்க்கையில நானா உண்டாக்குன தீர்ப்புல்லா அது!”