பெருவிரல் பிடிவாதம்

அன்றைக்கு மூன்றாவது தடவையாகக் காபி டம்ளர் சண்முகவேலின் வலது கையிலிருந்து நழுவி, கூடம் முழுக்கக் காபி தெறித்தது. நழுவியது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நழுவ விட்டார்.

"பெருவிரல் பிடிக்க மாட்டேங்குதே, தாயி!" என்று முனகினார், சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்தும் அந்த ஆறடி மனிதர்.

மகள் செல்லத்தாய் கோபப்படவில்லை. தரையைத் துடைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினாள்.

"என்னத்த எழுதுற?"

"நடந்ததைத்தான்யா."

கம்பெனி வாசலில் 'நெருப்பு ஜாக்கிரதை' என்று போர்டு மாட்டியவரும் அவர்தான். மாசி மாதம் வடநாட்டு ஏஜண்டுக்கு முன்னால் வீரம் காட்டி, சாம்பிள் வெடியைக் கையில் பிடித்துக் கொளுத்தியவரும் அவர்தான். ஆர்டர் கிடைத்தது. கைதான் வெந்து, விரல்கள் விறைத்துப் போயின.

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த செல்லத்தாய் அந்த வாரமே சொல்லிவிட்டாள். "பம்பாய்ல ஒரு படிப்பு இருக்குய்யா. அடிபட்டவுகளுக்கு அவுகவுக வேலையவே பயிற்சியாக் குடுத்துக் குணமாக்குறது. அதுதான் படிக்கப் போறேன்."

"மதுரையில பி.டி. படி, டீச்சரம்மாவா லச்சணமா இருக்கலாம். இல்லையா, மெட்ராஸ்ல எம்.எஸ்ஸி. படி. பம்பாய்க்கு லோடு அனுப்பலாம் தாயி, பிள்ளைய அனுப்ப முடியுமா?"

"சரிய்யா. உங்க கை குணமாகுற வரைக்கும் போகல."

தாயில்லாமல் வளர்த்த ஒற்றை மகள். சண்முகவேலுக்கு அந்த யோசனை பிறந்தது அப்போதுதான்.

மருந்தில்லாத வெறும் வெடிக்குழல்களைக் கொடுத்து, அவள் அவரைத் தினமும் சரம் பின்னச் சொன்னாள். முதலாளி சரம் பின்னும் அதிசயத்தைப் பார்க்கக் கம்பெனிப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"சரமா இது? பாம்பு நெளியிற மாதிரில்ல இருக்கு, மொதலாளி!" என்றாள் பொன்னுத்தங்கம்.

ரோஷம் வந்து, யாரும் பார்க்காதபோது ஒரு முழம் கச்சிதமாகப் பின்னினார். அப்புறம் பயந்துபோய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். ஒரே மாதத்தில் கை சரியாகிவிட்டது. அடுத்த இரண்டு மாதம் பித்தளை டம்ளர்கள்தான் நசுங்கின.

ஆனியில், படிப்புக்குச் சீட்டு கிடைத்துவிட்டதாகப் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. செல்லத்தாய் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள்.

"ஏந்தாயி, கை குணமானாத்தான போவேன்ன?"

"டாக்டரைக் கேட்டுட்டு வாங்கய்யா."

செருப்புக்கூடப் போடாமல் டாக்டர் முனியசாமியிடம் ஓடினார்.

"டாக்டரய்யா, உங்ககிட்ட மறைக்கல. கை ரெண்டு மாசமா நல்லாத்தான் இருக்கு. அவளும் போயிட்டா அம்புட்டுப் பெரிய வீட்டுல நான் யாருகூடப் பேசுவேன்? இன்னும் குணமாகலன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க. அந்தச் சீட்டை வேற யாருக்காச்சும் குடுத்துறட்டும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அண்ணாச்சி, நடிக்கிற நோயாளிய எப்படிச் சமாளிக்கிறேன்னு எழுதிப் போட்டுத்தான் உங்க மக அந்தச் சீட்டையே வாங்கியிருக்கு!"