நடுக்கதவு

சொத்தைப் பிரித்த அன்று, அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவிலிருந்த கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் விழுந்தது. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஒரு நாள், அந்தக் கதவோரத்து மூலையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று, அண்ணன் மனைவி அருள்மொழி தன் தையல் மெஷினை அங்கே இழுத்துப் போட்டாள். காலி இரும்பு பீரோவைக் கதவை மறைத்தபடி தள்ளி வைத்து, அதில் துணிகளை அடைத்தாள்.

“கதவை ஏன் அடைக்கிறே?” என்றான் அவள் கணவன் தங்கதுரை.

“அந்த வழியா யார் வரப்போறாங்க?”

அவள் நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, மறுபக்கத்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அடுத்து, உள்ளங்கையால் கதவை அறையும் சத்தம்.

“அக்கா, திறங்க! அவர் மயங்கி விழுந்துட்டார். என்னால தூக்க முடியல!” ஓரகத்தி பூங்கொடியின் குரல்.

தம்பி வீட்டு வாசல் பின்தெருவில் இருந்தது; சுற்றிப் போக நேரமில்லை. இருவரும் பாய்ந்து பீரோவைத் தள்ளினார்கள். கனத்தில் அது ஒரு சாண்தான் நகர்ந்தது. அருள்மொழி இடுக்கில் கைவிட்டாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. தட்டும் சத்தம் நின்றுவிட்டது. “பூங்கொடி!” என்று கத்தினாள், பதில் இல்லை. காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தராத கத்தரியை எடுத்துத் தாழ்ப்பாளில் கொடுத்து நெம்பினாள். நுனி ஒடிந்தது. மீதிக் கத்தரியால் மறுபடியும் நெம்பினாள். தாழ்ப்பாள் அசைந்தது.