இருபது ஆச்சுங்க!

"கறுப்புக் கவுனுக்கு நீல நூல்ல ஓரம் மடிச்சிருக்கீங்களே ஆடிட்டரம்மா! கோர்ட்டுல ஜட்ஜ் என் வாதத்தைக் கேக்கவே இல்லை. கவுன் ஓரத்தையே பார்த்துட்டிருந்தார்."

எதிர்வீட்டு வக்கீலம்மா கவுனைத் தையல் மிஷின் மேல் போட்டார்.

"ஐயோ, பிரிச்சுத் தச்சுத் தந்துடறேங்க. இன்னைக்கே."

"போன தடவை பட்டன் ஏறுமாறா இருந்தப்பவும் இதைத்தான் சொன்னீங்க. இதை மட்டும் சரிபண்ணிக் குடுங்க. இனிமே கடையிலேயே குடுத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ஒரு காலத்தில் தெருவே அவளிடம்தான் தைத்துக்கொண்டது. இப்போது ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். ஊரே ஆடிட்டரம்மா என்று கூப்பிட்டாலும், அவளுக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த மிஷின் ஒன்றுதான்.

உள்ளேயிருந்து அவள் கணவர் ஆடிட்டர் வந்தார்.

"வேலைன்னா கவனம் வேணும். உனக்கு மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்!"

"கறுப்புன்னு நினைச்சுத்தாங்க எடுத்தேன்..."

"நினைச்சா போதுமா? பார்க்க வேணாமா? கண்ணை எதுக்குக் குடுத்திருக்கு? சரி, கிளம்பு. இன்னைக்கு எனக்குக் கண் பரிசோதனை. நீ கூட இருந்தாத்தான் நான் ராத்திரி கம்ப்யூட்டர் பார்க்கற ஏற்பாட்டையெல்லாம் டாக்டர்கிட்ட விவரமாச் சொல்ல முடியும்."

அவள் கவுனையும் ஒரு பிளேடையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் ஓரத்தைப் பிரிக்க உட்கார்ந்தாள். அங்கே இருந்த பளிச்சென்ற வெளிச்சத்தில்தான், நூல் நீலம் என்பது அவளுக்கே தெரிந்தது.

டாக்டரம்மா ஆடிட்டரின் கண்ணை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார்.

"உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை சார். ராத்திரி கம்ப்யூட்டர் பார்க்கறவர் கண் மாதிரியே இல்லை."

ஆடிட்டருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"ஏற்பாடு அப்படி டாக்டர்! திரையோட வெளிச்சத்தைக் குறைச்சு வச்சிருக்கேன். எழுத்தைப் பெருசு பண்ணிட்டேன். கூடத்து டியூப் லைட் திரையில பட்டுக் கண் கூசுது. அதனால சுவிட்ச் மேல டேப்பை ஒட்டிட்டேன். யாரும் போட முடியாது."

"இருட்டுல உட்கார்ந்து பார்க்கறதும் தப்பாச்சே?"

"அது தெரியாதா எனக்கு? திரைக்குப் பின்னாடி இதமா ஒரு விளக்கு வச்சிருக்கேன். அதுக்காகக் கடைக்கெல்லாம் அலையலை. இவ மிஷின் மேல ஒண்ணு சும்மா எரிஞ்சிட்டிருந்தது. கழட்டி மாட்டிட்டேன்."

டாக்டரம்மா ஒரு கணம் அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"நடுநடுவுல திரையை விட்டுட்டுத் தள்ளி இருக்கறதைப் பார்க்கணும் சார்."

"விடுவேனா? இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துடறேன்."

"அலாரம் வச்சிருக்கீங்களா?"

"அலாரம் அடிச்சா நெஞ்சு திடுக்குங்குது டாக்டர். இவதான் தச்சுக்கிட்டே கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவா. 'இருபது ஆச்சுங்க'ன்னு ஒரு குரல் வரும். கண் சிமிட்ட மறந்துட்டாக் கூட ஞாபகப்படுத்துவா. அந்த ஒரு விஷயத்துல மட்டும் இவளைக் குறை சொல்ல முடியாது."

"அப்படி என்ன சார் வேலை, ராத்திரியில?"

"ஆபீஸ் கணக்கு சட்டுனு முடிஞ்சிடும். அப்புறம் கண்ணைக் காப்பாத்தறது எப்படின்னு வீடியோ பார்ப்பேன். அதுக்கே தூங்க நேரமாயிடுது."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் இந்த நாற்காலிக்கு வாங்க."

"எனக்கா? எனக்கு எதுக்குங்க? கவுனைப் பிரிச்சாகணும்."

"அது ஓடிப்போயிடாது. உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். பலகையில் பெரிய எழுத்து ஒன்றைச் சொன்னாள். அடுத்த வரிக்குக் கண்ணைச் சுருக்கினாள். அதற்கடுத்த வரிக்கு நாற்காலியோடு முன்னால் நகரப் பார்த்தாள்.

"தலைவலி உண்டா?"

"தச்சா வர்றதுதானேங்க."

"ஊசியில நூல் கோக்கறது?"

"கையாலேயே தடவித் தடவிக் கோத்துடுவேன். பழகிடுச்சு. ஆனா நூல் கலர்தான் இப்போல்லாம்..." என்று மடியிலிருந்த கவுனைத் தடவினாள். "இதையும் விட்டுட்டா எனக்கு வேற எதுவும் தெரியாது டாக்டர்."

ஆடிட்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இவ கண்ணுக்கு என்ன கேடு வந்துது டாக்டர்? இவளுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாதே!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், ஒரு சந்தேகம். இவங்க 'இருபது ஆச்சுங்க'ன்னு சொன்னதும், நீங்க எந்த இடத்தைப் பார்ப்பீங்க?"

"கூடத்தோட அந்தக் கோடியை. எங்க வீட்டுல எனக்கு எட்டாத தொலைவுன்னா அதுதான். இவ மிஷின் போட்டிருக்கற மூலை."

"தினமும் அங்கேதானா?"

"தினமும் அங்கேதான். கண்ணெடுக்காமப் பார்ப்பேன்."

"அங்கே என்ன சார் தெரியும்?"

ஆடிட்டர் யோசிக்கக்கூட இல்லை.

"ஒண்ணும் தெரியாது டாக்டர். ஒரே இருட்டு."