யார் வீட்டுச் சத்தம்

“எல்லாரும் கண்ணை மூடிக்குங்க,” என்றார் திரையில் எங்கள் புதிய மேற்பார்வையாளர் அம்மா. “கூச்சம் போறதுக்கு ஒரு விளையாட்டு.”

பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு முகங்கள். அவரவர் வீட்டிலிருந்தே விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவர்கள் நாங்கள்.

விளையாட்டு எளிதுதான். அவர் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் செய்தி அனுப்புவார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள, அந்த ஆள் முப்பது விநாடி மைக்கைத் திறந்து வைக்க வேண்டும். வாய் பேசக் கூடாது. கேட்கிற சத்தத்தை வைத்து அது யார் வீடு என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆனால் முந்தின நாள் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டில் வேலைக்கு இடைஞ்சலாகச் சத்தம் உள்ளவர்கள் திங்கட்கிழமை முதல் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

எனக்குப் பக்கவாட்டில், கேமராவுக்குத் தெரியாத மூலையில், கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள் என் மனைவி. மூக்கில் ஆக்சிஜன் குழாய். குழாயின் மறுமுனையில் மெஷின், கொல்லன் துருத்தி மாதிரி. புஸ், டக். புஸ், டக்.

எட்டு மாதமாக எங்கள் ஒற்றை அறை வீட்டில் ஓயாத சத்தம் அது. நான் அலுவலகம் போனால் பகலில் அவளுக்கு ஆள் கிடையாது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். போன வருஷம் ஒருவர் தன் அப்பாவின் நோயைச் சொன்னார். ரொம்ப இரக்கப்பட்டு, நீண்ட விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். அவரைத் திரும்பக் கூப்பிடவே இல்லை.

அதனால் தொண்டை சரியில்லை என்று சொல்லி, கூட்டங்களில் எல்லாவற்றையும் எழுதியே சமாளித்துவந்தேன். எங்கள் குழுவில் ஓயாமல் பேசுகிற ஒருவர் உண்டு. அவரை ரேடியோ என்போம். அவர் எனக்கு வைத்த பேர் ஊமைக்கோட்டான்.

முதல் சுற்று. எங்கோ குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழுந்தது. ஒரு பெண்குரல், “குப்பையை இன்னைக்காவது கொட்டுவீங்களா, இல்ல நானே போகணுமா?”

“ரேடியோ வீடு!” என்று கத்தினார்கள்.

“வீட்டுல நான் வெறும் பொட்டிங்க. ஸ்டேஷன் அவங்க கையில,” என்றார் ரேடியோ.

எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து நோட்டில் ஏதோ குறித்தார்.

அப்போது என் திரையின் ஓரத்தில் செய்தி வந்தது. ‘அடுத்து நீங்க.’

நான் அவளைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மெஷின் நின்றது.

மைக்கைத் திறந்தேன்.

திரையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், தூங்குகிறவர்கள் மாதிரி. அவள் மட்டும் திறந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து விநாடி. அவள் தோள்கள் ஏறி இறங்கின.

இருபது. இருமல் வந்தது. போர்வையின் ஓரத்தைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள்.

முப்பது.

“மேடம், ஒண்ணுமே கேக்கலையே,” என்றார் ரேடியோ. “இன்னும் கொஞ்சம் டைம் குடுங்க.”

“சரி, இன்னொரு முப்பது.”

நான் எழப்போனேன். நாற்காலி முனகியது. அவள் ஒரு விரலை உயர்த்தினாள். உட்காருங்கள் என்று அர்த்தம். அந்த விரலின் நகம் நீலம் பாரித்திருந்தது.

உட்கார்ந்தேன்.

இதை எழுதும்போது எழுந்துவிட்டதாக எழுதலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உட்கார்ந்துதான் இருந்தேன். நாற்பத்தைந்து. ஐம்பது. அவள் கண்கள் செருகிச் செருகித் திரும்பி வந்தன.

“ஈ, எறும்புகூட இல்லாத வீடுங்க இது,” என்றார் ரேடியோ. “நம்ம ஊமைக்கோட்டான்தான்!”

கைதட்டினார்கள். “இப்படி ஒரு வீடு இருந்தா அலுவலகமே வேண்டாமே. நீங்க அங்கேயே இருந்து வேலை பாருங்க,” என்றார் மேற்பார்வையாளர்.

மைக்கை மூடினேன். மெஷின் ஒருமுறை கூவிவிட்டு ஓடத் தொடங்கியது. ஏழெட்டு மூச்சுக்குப் பிறகுதான் அவள் உதட்டில் நிறம் திரும்பியது.

“ஜெயிச்சாச்சா?” என்றாள்.

ஜெயித்தாயிற்று. திங்கட்கிழமை நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் இருந்த இருபத்தாறு நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

விளையாட்டு நடந்த அன்று மாலையே அவள் தம்பி பார்க்க வந்தான். “என்னக்கா, முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?” என்றபடி என் பக்கம் திரும்பினான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“மத்தியானம் மெஷினை நான்தான்டா கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சேன். மாமாவை ஒண்ணும் கேட்காதே. பாவம், அவரே பயந்து போயிருக்காரு.”

அவன் கட்டிலைப் பார்த்தான். எழுந்து உட்காரவே அவளுக்கு ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பிறகு எட்டடி தள்ளி, என் நாற்காலிக்கு அருகே சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தான்.

“சரிக்கா,” என்றான்.